புறாத்தீவுக்கு விருந்தாக

ஆளரவமற்ற தீவொன்றின் கரையில் ஒரு பகற்பொழுதேனும் இருந்துவிட்டு வரவேண்டும் என்னும் விருப்பம் மனித உள்ளத்தின் பழைய விருப்பங்களுள் ஒன்று. ஊரின் ஓசையும் கடமையின் சுமையும் கடலுக்கு இப்பாலே நின்றுவிட, நாம் மட்டும் அப்பால் சென்றுவிட்டதாக ஒரு நினைவு எழுகின்றது. ஐரோப்பிய நாட்டவர் இவ்விருப்பத்தோடு மத்தியதரைக் கடலை நோக்கிச் செல்வர். அக்கடலிலே சார்டினியாவைச் சூழ்ந்தும், மால்ற்றாவை அடுத்தும், கிரேக்க நாட்டுக் கரைக்கு அப்பாலும் சிறு தீவுகள் பல உள. வெண்மணலும் நீலநீரும் பாறை நிழலும் உடைய அத்தீவுக்கரைகளைப் படத்தில் கண்டு பெருமூச்செறிவோர் நம்மிடையேயும் இருக்கின்றனர்.

திருக்கோணமலை மாவட்டத்தில் வாழும் நமக்கு அந்தப் பெருமூச்சு வேண்டுவதில்லை. அத்தகைய தீவொன்று நமது கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கின்றது. நிலாவெளிக் கடலிலே நிற்கும் அதனைப் புறாத்தீவு என்றும் புறாமலை என்றும் வழங்குவர். அத்தீவுக்குச் செல்வது எப்படி என்பதை இன்று யாரும் சொல்லித்தருவர். அங்கே எவ்வாறு நடந்துகொள்வது என்பதைச் சொல்லித்தருவோர் குறைவு. அதனைக் குறித்தே இன்று பேச விரும்புகின்றேன்.

முதலில் தீவின் இயல்பைச் சிறிது கூறுகின்றேன். புறாத்தீவு என்பது இரு தீவுகளுக்கும் பொதுப்பெயர். பெரியது ஒன்று, சிறியது ஒன்று. பெரிய தீவின் நீளம் ஏறக்குறைய 200 மீற்றர். அகலம் ஏறக்குறைய 100 மீற்றர். ஒரு பாடசாலை வளவையும் அதன் விளையாட்டுத் திடலையும் சேர்த்தால் எவ்வளவு நிலமோ அவ்வளவுதான். ஆயினும் அதன் பாறைமுடி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 45 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கின்றது. அப்பாறை இடுக்குகளிலே மாடப்புறாக்கள் கூடு கட்டி வாழ்கின்றன. நமது கோயிற் கோபுரங்களிலும் நகரத்துக் கட்டடங்களிலும் உறையும் புறாக்களின் முன்னோர் இவ்வாறு பாறைகளில் வாழ்ந்த இனத்தினரே. மனிதன் கோபுரங்கட்டுவதற்கு முன் புறாவுக்குப் பாறையே கோபுரமாயிருந்தது. அப்பழைய வாழ்க்கையைக் கைவிடாத குடிகள் இத்தீவுப் புறாக்கள். தீவின் பெயரும் அவற்றால் வந்ததே.

குடியேற்ற ஆட்சிக்காலத்தில் இத்தீவு துப்பாக்கிச் சுடும் பயிற்சிக்கு இடமாக இருந்தது. அக்காலத்தவர் கண்ணுக்கு இது யாருமில்லாத வெறும் பாறையாகவே தோன்றியிருத்தல் வேண்டும். பின்னர் 1963ஆம் ஆண்டில் இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. அப்பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 471 ஹெக்ரயர். கணக்கிலே விருப்பமுள்ள மாணவர் இவ்விடத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரிய தீவின் பரப்பு ஏறக்குறைய இரண்டு ஹெக்ரயர். அப்படியாயின் பூங்காவில் இருநூற்றில் ஒரு பங்குகூட அத்தீவு ஆகாது. எஞ்சியதெல்லாம் பெரும்பாலும் கடல். சட்டம் காக்க முற்பட்ட செல்வம் நீருக்கு அடியில் இருக்கின்றது என்பதை இவ்வொரு கணக்கே உணர்த்திவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலை மாணவர் சிலரை அத்தீவுக்கு அழைத்துச் சென்றோம். வெருகலிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடல் புதிதன்று. மகாவலியின் கிளையாகிய வெருகலாறு கடலோடு கலக்கும் இடம் அவர்களின் ஊர். ஆற்றிலும் கடலிலும் வலை வீசும் தந்தையரின் பிள்ளைகளே அவர்களிற் பலர். ஆயினும் தமது மாவட்டத்தின் வடபால் இருக்கும் இத்தீவை அவர்களுள் ஒருவரும் கண்டிலர். அதற்குக் காரணமும் உண்டு. முற்காலத்தில் வெருகலிலிருந்து திருக்கோணமலைக்குச் செல்வதே ஒரு சிறு யாத்திரை. துறைக்குத் துறை பாதையிலே வண்டியை ஏற்றிக் கடந்து செல்லவேண்டும். கிண்ணியாப் பாலம் 2009ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. வெருகலாற்றின் மீதும் ஏனைய துறைகளிலும் பாலங்கள் அமைந்தன. இன்று கிளிவெட்டி, மூதூர், கிண்ணியா வழியாகப் பேருந்து ஓரோட்டமாக நகரத்தை அடைந்துவிடுகின்றது. அங்கிருந்து வடக்கே கடற்கரையோரமாகச் சென்றால் நிலாவெளி.

தீவுக்குச் செல்ல விரும்புவோர் காற்றின் காலத்தை அறிந்து செல்லவேண்டும். ஐப்பசி தொடங்கி வாடைக்காற்று வீசும் மாதங்களில் கீழைக்கடல் கொந்தளிக்கும், நீரும் கலங்கியிருக்கும். சித்திரை முதல் புரட்டாதி வரை காற்று நிலத்தின் பக்கமிருந்து வீசும்; கடல் அடங்கியிருக்கும். நாங்கள் சென்றது வைகாசி மாதம். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டைக் கரையிலே பெற்றுக்கொண்டு, உயிர்காப்பு அங்கிகளை அணிந்து, இயந்திரப் படகில் ஏறினோம். பாட்டு ஒன்று தொடங்கி முடிவதற்குள் தீவு வந்துவிட்டது.

படகோட்டி நிலாவெளியைச் சேர்ந்த முதியவர். பிள்ளைகள் இறங்குமுன் அவர் ஒன்று சொன்னார். நீருக்குள் தெரிவதைக் கல் என்று எண்ணி மிதித்துவிட வேண்டாம், அது உயிர் என்றார். அவ்வொரு வாக்கியத்தில் ஒரு பாடமே அடங்கியிருந்தது.

நேயர்களே, நமது மொழியிலே அதனை முருகைக்கல் என்கின்றோம். கல் என்று பெயரிட்டுவிட்டதால் கல்லாகவே அதனைக் கருதிப் பழகிவிட்டோம். முருகைக்கல்லைக் கடலிலிருந்து பெயர்த்துச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கும் தொழில் இலங்கையின் கரையோரங்களில் நெடுங்காலம் நடந்தது. எத்தனையோ வீடுகளின் சுவரிலே பூசப்பட்டது அச்சுண்ணாம்பே. கல்லின் உள்ளே குடியிருந்தவர் யார் என்று சுவரைக் கட்டியவர் எண்ணியதில்லை.

உண்மையில் முருகை என்பது பல்லாயிரம் சிற்றுயிர்களின் கூட்டுக் குடும்பம். ஒவ்வோர் உயிரும் மெல்லிய உடலும், வாயைச் சூழ்ந்த சிறு உணர்கொம்புகளும் உடையது. கடல்நீரிலுள்ள சுண்ணத்தை எடுத்துத் தனக்கென ஒரு கிண்ணம் போன்ற இல்லத்தை அது அமைத்துக்கொள்கின்றது. ஓர் இல்லத்தின்மேல் மற்றோர் இல்லம் எழுகின்றது. இவ்வாறு தலைமுறை தலைமுறையாக எழுந்த குடியிருப்பையே நாம் பாறை என்கின்றோம். அவ்வுயிரின் உடலுக்குள்ளே கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசி வாழ்கின்றது. பாசி கதிரவன் ஒளியைக் கொண்டு உணவு ஆக்கி, தனக்கு இடம் தந்தவனுக்கும் பங்கிடுகின்றது. முருகையின் அழகிய நிறங்களிற் பெரும்பான்மை அப்பாசி தந்த கொடை. இல்லம் கொடுத்தவனும் உணவு கொடுத்தவனும் ஒருவரையொருவர் தாங்கி வாழும் அவ்வாழ்க்கையைப் பார்க்கும்போது, நமது இல்லறத்துக்கே அது ஒரு பாடமாகும் என்று தோன்றுகின்றது.

ஒளி வேண்டும் ஆகலின் முருகை தெளிந்த நீரையே விரும்பும். எங்கள் வெருகற் கரையிலே இவ்வாறான முருகை ஏன் இல்லை என்று மாணவன் ஒருவன் கேட்டான். ஆறு கொண்டுவரும் வண்டலும் நன்னீருமே அதற்கு விடை. நமது வயலுக்கு உணவாகும் அதே வண்டல் முருகைக்கு மூச்சை அடைக்கும் புழுதி. ஓரிடத்தில் வாழ்வளிப்பது மற்றோரிடத்தில் வாழ்வைக் கெடுக்கும் என்பதை அப்பிள்ளை அன்று தன் ஊரைக்கொண்டே விளங்கிக்கொண்டான்.

முகக்கண்ணாடி அணிந்து, வாயிலே சுவாசக் குழாயை வைத்து, ஆழமில்லாத நீரில் முகம் கவிழ்த்து மிதந்தால் போதும். வேறோர் உலகம் தோன்றும். மான்கொம்பு போலக் கிளைத்த முருகைகள், மூளையின் மடிப்புப் போன்ற திரண்ட முருகைகள், மேசை விரித்தாற்போன்ற தட்டை முருகைகள் ஆங்காங்கே தெரியும். இக்கடலில் முருகையினம் ஏறக்குறைய நூறும், மீனினம் ஏறக்குறைய முந்நூறும் உண்டென ஆய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். அழுங்காமையும் பேராமையும் இங்கு வருவதுண்டு. செட்டையின் நுனி கறுத்த சிறு சுறாக்கள் கரைக்கு அண்மையிலேயே உலாவும். சுறா என்றதும் பிள்ளைகள் அஞ்சினர். அச்சுறாக்களோ பிள்ளைகளைக் கண்டு விலகிச் சென்றன.

கிளிமீன் என்றொரு மீனுண்டு. கிளியின் அலகு போன்ற பற்களால் அது பாறையைக் கொறித்து அங்குள்ள பாசியை உண்ணும். பாசியோடு சேர்ந்து உட்செல்லும் சுண்ணக்கல்லை அரைத்து வெண்மணலாக வெளியேற்றும். முருகைத் தீவுகளின் கரையில் நாம் கால்புதைய நடக்கும் வெண்மணலில் ஒரு பங்கு இவ்வாறு ஆக்கப்பட்டது. மற்றொரு பங்கு அலையால் நொறுங்கிய முருகையும் சிப்பியும். புறாத்தீவின் கரையிலே மணலோடு முருகைத் துண்டுகள் குவியல் குவியலாகக் கிடப்பதைக் காணலாம். விரல்போன்ற அத்துண்டுகள் யாவும் முன்னொரு காலத்தில் உயிர் குடியிருந்த இல்லங்கள். ஆகவே தீவின் மணல் என்பது வாழ்ந்து மறைந்த உயிர்களின் எச்சம். அதிலே ஒரு பிடியை நினைவுப்பொருளாக அள்ளிச் செல்வோர் எதனை அள்ளிச் செல்கின்றோம் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இத்தீவின் முருகை பட்ட துன்பங்களும் பல. 1970களின் தொடக்கத்தில் முட்கிரீடம் எனப்படும் நட்சத்திர மீனினம் திருக்கோணமலைக் கடலிலே அளவிறந்து பெருகி, முருகையை உண்டு பெருஞ்சேதம் விளைத்தது. பின்னர் அது மீண்டும் வளர்ந்தது. 1998ஆம் ஆண்டில் இந்துமாகடல் முழுவதும் நீர் வெப்பமேறிற்று. வெப்பம் மிகுந்தால் முருகை தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றிவிடும். நிறமிழந்து வெளுத்து, பசியால் மடியும். அவ்வாண்டில் இக்கடுவா முதலிய தெற்குக் கரைகளின் முருகை பெரிதும் அழிந்தது. திருக்கோணமலை முருகையோ அதிலிருந்து தப்பிற்று. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. எங்கள் ஊரையும் அது விட்டுவைக்கவில்லை. அதன் பின்னும் புறாத்தீவின் முருகை உயிரோடு இருந்தது.

இடையிலே போர்க்காலம். 1983ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டு வரை நீடித்த அக்காலத்தில் கீழைக்கரைக்கு உல்லாசமாக வருவோர் அருகினர். மனிதர் துன்பத்தில் ஆழ்ந்திருந்த ஆண்டுகள் அவை. போர் முடிந்ததும் பாதைகள் திறந்தன, விடுதிகள் எழுந்தன, விடுமுறை நாட்களில் நிலாவெளிக் கரையில் மக்கள் திரண்டனர். அது மகிழத்தக்க மாற்றம். வேலையிழந்து கிடந்த மீனவரிற் சிலர் படகோட்டிகளாயினர். சிறு கடைகள் தோன்றின. நாட்டின் எல்லாப் பகுதியிலிருந்தும் மக்கள் வந்து ஒருவரையொருவர் கண்டனர். ஆயின் நட்சத்திர மீனையும் பேரலையையும் கண்டு நிலைத்த முருகைக்கு மனிதக் காலடி புதிய சோதனையாயிற்று. நீந்தத் தெரியாதவர் களைப்பாற முருகையின்மேல் நிற்பர். படகின் நங்கூரம் கிளைகளை முறிக்கும். வேகமாக வளரும் கிளைமுருகையே ஆண்டுக்குச் சில அங்குலந்தான் வளரும். திரண்ட முருகையோ ஆண்டுக்கு ஒரு சென்றிமீற்றர் அளவே பருக்கும். ஒரு தேங்காயளவு முருகை திரளப் பத்தாண்டு செல்லலாம். அதனை உடைக்க ஒரு கால்தவறல் போதும்.

அன்று தீவின் நிழலில் அமர்ந்து உணவு உண்ணுகையில் மாணவி ஒருத்தி, இந்தத் தீவு யாருடையது என்று வினவினாள். அரசாங்கத்துடையது என்றான் ஒருவன். அனுமதிச்சீட்டு வாங்கியதை அவன் கண்டிருந்தான். படகுக்காரருடையது என்றான் மற்றொருவன். புறாக்களுடையது என்று சிறுமியொருத்தி சொன்னபோது எல்லோரும் சிரித்தனர். சிரித்தபின் அவ்விடையையே நெடுநேரம் ஆராய்ந்தனர். தனித்த தீவு என்று நாம் கூறுவதில் பிழையிருக்கின்றது. மனிதன் இல்லாத இடத்தை யாருமில்லாத இடமென்று எண்ணுதல் நமது வழக்கம். புறாவும் முருகையும் ஆமையும் மீனும் நிறைந்து வாழும் அவ்விடம் ஓர் ஊர். அங்கே நாம் ஒரு நாள் விருந்தினர்.

இதே வினாவை மத்தியதரைக் கடலின் தீவொன்று வேறு விதமாக எதிர்கொண்டது. அவ்வரலாறு நமக்குப் பயன்படும். சார்டினியாவின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் மதலேனா என்னும் தீவுக்கூட்டம் உண்டு. அதிலே புடெல்லி என்பது ஒரு சிறு தீவு. அத்தீவின் ஒரு கரையில் மணல் இளஞ்சிவப்பு நிறமுடையது. அந்நிறத்துக்குக் காரணம் கடற்புல்லைச் சார்ந்து வாழும் ஒரு நுண்ணுயிரின் சிவந்த ஓடு. உயிர் இறந்தபின் ஓடு நொறுங்கி, அலையால் கரைசேர்ந்து, மணலோடு கலந்து நிறம் தருகின்றது. புறாத்தீவின் வெண்மணலும் புடெல்லியின் செம்மணலும் ஒரே விதியில் தோன்றியவை.

அக்கரையின் புகழ் பரவிற்று. 1964ஆம் ஆண்டில் வெளிவந்த இத்தாலியத் திரைப்படமொன்றிலும் அது இடம்பெற்றது. மக்கள் படகு படகாக வந்தனர். வந்தவர் ஒவ்வொருவரும் சிறிது மணலைப் புட்டியிலிட்டு எடுத்துச் சென்றனர். ஒருவர் எடுத்தது ஒரு பிடி. ஆயினும் எடுத்தவர் பல்லாயிரவர். நங்கூரங்கள் கடற்புல்லைக் கிழித்தன. புல் குறைய, அதனைச் சார்ந்த உயிரும் குறைந்தது. கரையின் நிறமும் மங்கிற்று. இறுதியில் 1990களில் அக்கரையில் கால்வைப்பதே தடைசெய்யப்பட்டது. இன்று அங்கு செல்வோர் தூரத்தே நின்று கண்ணால் மட்டும் கண்டு திரும்பவேண்டும். 2017ஆம் ஆண்டில் சார்டினியா அரசு, தன் கரைகளிலிருந்து மணலையோ சிப்பியையோ எடுத்துச் செல்வோர்க்கு 500 யூரோ முதல் 3000 யூரோ வரை தண்டம் விதிக்கும் சட்டத்தையும் இயற்றியது.

அத்தீவிலே ஒரு மனிதர் முப்பத்திரண்டு ஆண்டுகள் தனியே வாழ்ந்தார். மௌரோ மொராந்தி என்பது அவர் பெயர். தென்கடல் தீவுகளுக்குச் செல்ல எண்ணிப் புறப்பட்ட அவர், படகு பழுதுற்று 1989ஆம் ஆண்டில் அங்கே தங்க நேர்ந்தது. தீவைக் காத்துவந்தவர் விலகவிருந்தமையால் அப்பணியைத் தாமே ஏற்றார். கரையைத் துப்புரவு செய்தார். வருவோர்க்கு மணலின் கதையைச் சொன்னார். 2021ஆம் ஆண்டில் தீவைவிட்டு நீங்கினார். 2025ஆம் ஆண்டில் இறந்தார். விருந்தினராக வந்தவர் வீட்டைக் காப்பவராக மாறியதற்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு.

புடெல்லியின் வழியை நாமும் பின்பற்றி, புறாத்தீவை அறவே மூடிவிடலாமா என்று கேட்போர் இருக்கின்றனர். முருகையை மட்டும் எண்ணினால் அதுவே எளிய விடை. ஆனால் இருவரை நாம் மறத்தலாகாது. ஒருவர், அந்தக் கடலை நம்பி வாழும் நிலாவெளிப் படகோட்டி. கடலும் போரும் பேரலையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவை ஏராளம். எஞ்சிய பிழைப்பையும் ஒரே ஆணையால் எடுத்துவிடுதல் அறமாகாது. மற்றவர், வெருகல் போன்ற ஊர்களின் பிள்ளை. பணமுடையோர் பல காலம் கண்டு மகிழ்ந்துவிட்டுப் போன பின்னர், அப்பிள்ளை வரும் நாளிலே கதவை அடைத்தல் நீதியாகுமா? தானே கண்டறியாத ஒன்றைக் காக்கவேண்டும் என்ற உணர்வும் மனிதனுக்கு எளிதில் வருவதில்லை. முருகை உயிருள்ளது என்று நான் வகுப்பறையில் பல ஆண்டுகள் கற்பித்ததுண்டு. நீருக்குள் ஒருமுறை முகம் கவிழ்த்த பிள்ளைக்கு அதனை மறுமுறை சொல்லவேண்டியிருக்கவில்லை.

மூடுவதற்கும் வரம்பின்றித் திறந்துவிடுவதற்கும் இடையே ஒரு வழி உண்டு. மால்ற்றாவை அடுத்த கொமினோ என்னும் சிறுதீவின் நீலக்களப்பிலே கூட்டம் மிகுந்தபோது, 2025ஆம் ஆண்டு முதல் முன்பதிவு செய்து வரவேண்டும் என்ற முறையை அந்நாட்டார் கொண்டுவந்தனர். கதவு திறந்திருக்கின்றது, ஒரே வேளையில் உள்ளே செல்வோர் தொகைக்கு எல்லை இருக்கின்றது. நமது தீவுக்கும் ஒரு நாளைக்கு இத்தனைபேர் என்னும் கண்டிப்பான அளவும், நங்கூரமிடாமல் படகைக் கட்டுவதற்கு நிலையான மிதவைகளும், நீரில் இறங்குமுன் ஒவ்வொருவர்க்கும் அவரவர் மொழியில் ஐந்து நிமிட அறிவுரையும் வேண்டும் என்பது என் கருத்து. அவ்வறிவுரையைச் சொல்வதற்கு எங்கள் படகோட்டியைப் போன்ற முதியோரைவிடத் தக்கவர் யார்? காவலுக்கு அவரையே துணைக்கொண்டால் அவரது பிழைப்பும் தீவின் வாழ்வும் ஒன்றாகிவிடும்.

சட்டமும் காவலும் ஒரு பாதி. மற்றப் பாதி நமது ஒழுக்கம். விருந்தோம்பலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். வந்தவரை எவ்வாறு போற்றவேண்டும் என்பதைத் தமிழர் வாழையடி வாழையாக அறிந்திருக்கின்றனர். எங்கள் வெருகலுக்கு இது தனிச்சிறப்பாகப் பொருந்தும். வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் யாத்திரிகர் ஆண்டுதோறும் எங்கள் ஊரைக் கடந்து செல்வர். சித்திரவேலாயுத சுவாமி கோயிலில் வணங்கி இளைப்பாறுவர். ஊரவர் அவர்களுக்கு அன்னமளிப்பர்.

அந்த யாத்திரிகரை நான் சிறுவயது முதல் கவனித்து வந்திருக்கின்றேன். அவர்கள் மூட்டையிலே தமக்குத் தேவையானதை மட்டும் சுமந்து வருவர். கொடுத்ததை உண்பர்; கேளாததை எடார். படுத்த இடத்தைக் கூட்டிவிட்டு விடியுமுன் எழுந்து செல்வர். மறுநாள் சென்று பார்த்தால் அங்கே ஒரு கூட்டம் தங்கியதற்கான அடையாளமே பெரும்பாலும் இராது. ஊரவர் மனத்தில் மட்டும் அவர்கள் வந்துபோன நினைவு இருக்கும். விருந்தோம்புவோர்க்கு ஓர் அறம் இருப்பதுபோல விருந்தினர்க்கும் ஓர் அறம் உண்டு என்பதை அவர்களிடம் கண்டேன்.

அவ்வறத்தையே தீவுக்குச் செல்வோரும் கொள்ளலாம். முருகையில் கால்வையாதிருத்தல், நீந்தத் தெரியாதவர் உயிர்காப்பு அங்கியோடு மிதத்தல், அல்லது கரையிலேயே இருந்து காணுதல், ஆமையைத் துரத்தாதிருத்தல், மீனுக்குப் பாணும் பிஸ்கற்றும் எறியாதிருத்தல், புறாக்கள் கூடுகட்டும் பாறையருகே கூச்சலிடாதிருத்தல், கொண்டுசென்ற பொலித்தீனையும் போத்தலையும் திரும்பக் கொண்டுவருதல், மணலிலும் முருகைத் துண்டிலும் ஒன்றையேனும் எடாதிருத்தல். இவற்றுள் எதுவும் அரியது அன்று, பொருட்செலவும் இல்லை. ஒரு வீட்டுக்கு விருந்தாகச் சென்றால் அவ்வீட்டுச் சட்டியை உடைக்கமாட்டோம், கூடத்தில் குப்பை போடமாட்டோம், புறப்படும்போது பொருளைத் தூக்கிச் செல்லமாட்டோம். அம்மரியாதையை ஒரு கிலோமீற்றர் கடலைக் கடந்தவுடன் மறந்துவிடுதல் ஏன்?

இவ்வொழுக்கம் தீவிலே தொடங்கித் தீவிலே முடிவதும் அன்று. வெருகலாறு மலைநாட்டிலிருந்து நெடுந்தொலைவு ஓடிவந்து கடலில் விழுகின்றது. வழியிலே யாரோ எறிந்த பையும் போத்தலும் அதனோடு மிதந்து எங்கள் கழிமுகத்தை அடைகின்றன. அங்கிருந்து கடலை அடைகின்றன. கடலுக்கு ஊரெல்லையும் மாவட்ட எல்லையும் இல்லை. கடலில் மிதக்கும் பொலித்தீனைச் சொறிமுட்டை என எண்ணி ஆமை விழுங்கி மடிவதுண்டு. புறாத்தீவுக்கு ஒருநாளும் செல்லாதவரும் இவ்வகையில் அதன் வாழ்வோடு தொடர்புடையவரே. எங்கள் மாணவர் திரும்பிவந்த பின், மாதம் ஒருநாள் ஆற்றுமுகத்துக் கரையைக் கூட்டித் துப்புரவு செய்வதென்று தாமாகவே முடிவு செய்தனர். நாங்கள் அதனைக் கட்டளையாக இடவில்லை. முதல் நாளில் பத்துப்பேர் வந்தனர். இப்போது அவர்களின் தம்பி தங்கையரும் வருகின்றனர். அவர்களிற் பலர் தீவை இன்னும் காணவில்லை.

நேயர்களே, கடல்நீர் வெப்பமேறுவதை வெருகலிலிருந்தோ நிலாவெளியிலிருந்தோ நாம் தடுத்துவிட முடியாது. அது உலகத்தார் அனைவரும் கூடித் தீர்க்கவேண்டிய பெருங்கடன். 1998ஆம் ஆண்டில் தப்பிய முருகை, வெப்பம் மிகும் இனிவரும் ஆண்டுகளிலும் தப்பும் என்று உறுதி கூறுவார் இல்லை. ஆயினும் உடல்வலிமை குன்றாதவன் நோயை எதிர்த்து நிற்பதுபோல, மிதிபடாத முருகை, கலங்காத நீரில் வாழும் முருகை, வெப்பத்தின் தாக்குதலிலிருந்து மீண்டெழும் வாய்ப்பு மிகுதி. பெரிய துன்பத்தை நீக்க இயலாதபோது சிறிய துன்பத்தையேனும் செய்யாதிருத்தல் நமது கையில் இருக்கின்றது.

இவ்வாண்டு வாடை ஓய்ந்து கடல் அடங்கும்போது உங்களிற் பலர் பிள்ளைகளோடு நிலாவெளிக்குச் செல்வீர்கள். தயங்காது செல்லுங்கள். புறாவின் பாறையையும், முருகையின் ஊரையும், செட்டை கறுத்த சுறாவின் நாணத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். படகில் ஏறுமுன், நாம் ஒருவர் வீட்டுக்கு விருந்தாகச் செல்கின்றோம் என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.